மலைச்சரிவில் வீட்டுத்தோட்டம்: தண்ணீருக்கு வழி அமைத்த பிறகே செடிக்குக் குழி

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் எங்களுக்கு 60 சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்த நிலத்தில் குடையில்லாமல் நடக்க முடியாது. தை பிறந்து சித்திரையில் கோடைமழை இறங்கும்வரை, வாளித் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மிகுநீரை மண்ணை அரிக்காமல் வெளியேற்றுவது, வறண்ட மாதங்களுக்காக அதே நீரைப் பிடித்து வைப்பது என்ற எதிரெதிரான இரண்டு வேலைகளை ஒரே நிலத்தில் செய்ய வேண்டியிருப்பதுதான் மலைத்தோட்டத்தின் தனிச்சிக்கல். சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வேலையை மட்டுமே பேசுகின்றன.

நீர்ப்பிடிப்பு வேலைகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை, நிற்கும் நீரை நிலத்துக்குள் இறக்கு. முதல் இரண்டும் மலைக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவதை எந்த இடத்தில் செய்யலாம், எந்த இடத்தில் செய்யவே கூடாது என்று பிரித்தறியாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் சரிவுகள் இடிந்து 40 பேருக்கு மேல் இறந்தனர். நீர் ஊறிக் கனத்த மண் எப்படி நகரும் என்பதை மலையில் வாழ்பவர்கள் மறக்கக் கூடாது.

முதல் ஆண்டு: நடாமல் பார்ப்பது

வாங்கிய நிலத்தில் உடனே கன்று நட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு முழு மழைக்காலமும் ஒரு முழு வறட்சியும் கடக்கும்வரை அதைத் தள்ளிப்போடுவதே நல்லது. பலத்த மழை பெய்யும்போது குடையோடும் ஒரு கட்டு மூங்கில் முளைகளோடும் நிலத்தைச் சுற்றி வாருங்கள். பக்கத்து நிலத்திலிருந்தோ மேலே உள்ள சாலையிலிருந்தோ நீர் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது, எங்கே வேகமெடுக்கிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு முளையை அடியுங்கள். நீரின் நிறத்தையும் கவனியுங்கள். தெளிவாக ஓடும் நீரால் கேடில்லை. தேநீர் நிறத்தில் ஓடுவது உங்கள் மேல்மண்ணைச் சுமந்துகொண்டு போகும் நீர்.

நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் அளவுகோலால் அளந்து குறித்துவந்தால், உங்கள் நிலத்தின் மழைக்கணக்கு உங்களுக்கே கிடைக்கும். மலையில் ஒரு மடிப்பு தாண்டினால் மழை மாறிவிடும் என்பதால், அடுத்த ஊரின் புள்ளிவிவரத்தை நம்பித் திட்டமிட முடியாது. வறண்ட மாதங்களில், எந்த மூலையில் புல் கடைசியாகக் காய்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் அடிமண் ஈரம் இருக்கிறது. பின்னால் உங்கள் வாழைக்கு அதுதான் இடம்.

இதே ஆண்டில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். மழை மிகுந்த மலைமண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை கொண்டது என்பதால், அறிக்கை சொல்லும் அளவில் சுண்ணாம்பு அல்லது டாலமைட் இட வேண்டியிருக்கும். அறிக்கை இல்லாமல் கைக்கு வந்தபடி இடாதீர்கள். சட்டம் தொடர்பான வேலைகளையும் இப்போதே முடியுங்கள். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பொருந்தும் ஊர்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு சரிவை வெட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அனுமதி கிடைத்தாலும் அந்த இயந்திரத்தை அழைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். அரை நாளில் அது வெட்டிப்போடும் செங்குத்துச் சுவரைத் தாங்கிப்பிடிக்க அரை ஆயுள் செலவாகிறது.

மட்டக்கோடு போடுவது

சரிவில் செய்யும் எல்லா வேலைக்கும் அடிப்படை, ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் மட்டக்கோடு. கண்பார்வையை நம்பாதீர்கள், மலையில் கண் நிச்சயமாக ஏமாற்றும். மேஸ்திரிகள் பயன்படுத்தும் டியூப் மட்டம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாகச் செய்ய ‘ஏ’ சட்டம் போதும்.

7 அடி நீளமுள்ள இரண்டு நேரான கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்கள் 2 மீட்டர் விரிந்திருக்கும்படி நடுவில் ஒரு குறுக்குக்கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து, குறுக்குக்கம்புக்குக் கீழே தொங்கும்படி, தூக்குக்குண்டையோ நூலில் கட்டிய கல்லையோ தொங்கவிடுங்கள். சட்டத்தைச் சற்று மேடுபள்ளமான இடத்தில் நிறுத்தி, கால்கள் ஊன்றிய இரண்டு புள்ளிகளிலும் முளை அடித்து, நூல் குறுக்குக்கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடக்கால் நின்ற இடத்தில் வலக்காலை வைத்து, நூல் தொடும் இடத்தில் இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரியான நடுப்புள்ளிதான் மட்டம். கம்புகள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் ஏறக்குறைய இருந்தாலும் இந்த முறையில் பிழை தானாகவே கழிந்துபோகிறது.

இனி நிலத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நூல் நடுப்புள்ளியில் நிற்கும்வரை மற்றொரு காலை மேலும் கீழும் நகர்த்தி, அங்கே முளை அடித்து, அடுத்த அடியை எடுத்து வையுங்கள். காற்று வீசும் நாளில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், விடியற்காலை இதற்கு ஏற்ற நேரம். முளைகள் பாறையையும் குழியையும் சுற்றி வளைந்து நெளிந்து நிற்கும். கோட்டின் மொத்தப் போக்கு தெரிந்த பிறகு, ஒதுங்கி நிற்கும் ஒன்றிரண்டு முளைகளை ஓரடி நகர்த்திச் சீராக்கிக்கொள்ளலாம்.

வடிகால் வாய்க்காலுக்கு முழு மட்டம் கூடாது. 100 அடிக்கு 1 அடி இறக்கம் வேண்டும். இதற்குச் சட்டத்தின் முன்காலில் 2 சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, வாய்க்கால் இறங்க வேண்டிய திசையில் நடந்தால் போதும். நூல் மட்டம் காட்டும்போதெல்லாம் முன்காலுக்குக் கீழே உள்ள தரை 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்.

மேலிருந்து தொடங்க வேண்டும்

வேலையை நிலத்தின் உச்சியில் தொடங்குங்கள். கீழே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் மேலிருந்து வரும் ஒரு பாய்ச்சல் அதைப் பெயர்த்துவிடும். மேல் எல்லையை ஒட்டி, முன்சொன்ன சிறிய இறக்கத்தோடு ஒரு திருப்பு வாய்க்காலை வெட்டி, வெளியிலிருந்து வரும் நீரை இயற்கையாக உள்ள ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்து நிலத்துக்குள் திருப்பிவிடுவது தீர்வாகாது. வாய்க்காலின் அடியும் பக்கமும் புல் பிடித்திருக்கட்டும். சிமென்ட் பூசினால் நீர் வேகமெடுத்து, முடியும் இடத்தில் குழிபறிக்கும். ஓடையில் விழும் இடத்தில் பெரிய கற்களைப் படிபோல் அடுக்கி, ஓடைக்குச் சற்று முன்னால் 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல்குழி வையுங்கள். ஆண்டுதோறும் அதில் சேரும் வண்டலை அள்ளிக் காய்கறிப் பாத்திக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு அடுத்துத்தான் நீரை நிறுத்தும் அகழிகள். 10 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கொண்ட ஓர் அகழி ஏறத்தாழ 850 லிட்டர் கொள்ளும். ஒரே நீளமாக வெட்டாமல், சதுரங்கக் கட்டங்களைப் போல், மேல்வரிசையின் இடைவெளிக்கு நேரே கீழ்வரிசையின் அகழி அமையுமாறு மட்டக்கோட்டில் துண்டு துண்டாக வெட்டுங்கள். நீளமான அகழி ஓரிடத்தில் உடைந்தால் மொத்த நீரும் அந்த வழியாகப் பாயும்; துண்டு அகழி உடைந்தால் 850 லிட்டரோடு போயிற்று. வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கத்தில், விளிம்பிலிருந்து 1 அடி தள்ளிக் கரையாகப் போட்டு அன்றைக்கே புல் நட்டுவிட வேண்டும்.

அகழி கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். நிமிர்ந்து ஏற மூச்சு வாங்கும் அளவுக்குச் செங்குத்தான சரிவிலும், வீட்டுக்கு நேர் மேலேயும், தாங்குசுவருக்குப் பின்னாலும், வெட்டிக் கொட்டிய நிரப்புமண்ணிலும் நீரை நிறுத்தாதீர்கள். இதை நான் படித்துக் கற்கவில்லை. மூன்றாம் ஆண்டில், பழைய கல்கட்டு ஒன்றுக்கு 6 அடி மேலே உற்சாகமாக நான்கு அகழிகள் வெட்டினேன். நவம்பர் மாதம் மூன்று நாள் அடைமழையில் அந்தக் கட்டு முதலில் கர்ப்பிணி வயிறு போல முன்னால் பிதுங்கியது. நான்காம் நாள் விடியலில் 15 அடி நீளத்துக்குச் சரிந்து, இரண்டு ஆரஞ்சுக் கன்றுகளின் மேல் கிடந்தது. மீண்டும் கட்டியபோது கற்களுக்குப் பின்னால் 1 அடிக்குச் சல்லி நிரப்பினேன். மேலே இருந்த அகழிகளை மூடிவிட்டேன்.

கல்கட்டுக்கு, நிலத்திலேயே கிடக்கும் கல் போதும். சிமென்ட் இல்லாத கட்டில் ஒவ்வொரு இடுக்கும் கசிவுத் துளையாக இருப்பதால் நீர் பின்னால் தேங்காது. அடித்தளம் 1 அடி ஆழம் இருக்க வேண்டும். ஒவ்வொரு 3 அடி உயரத்துக்கும் அரை அடி மலைப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சுவரின் முன்முகத்திலிருந்து பின்மண் வரை நீளும் பெரிய கற்களை இடையிடையே வைக்க வேண்டும். 4 அடிக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால் பொறியாளரிடம் கேளுங்கள், அல்லது சரிவை இரண்டு தட்டாக, அதாவது இரண்டு படிநிலமாகப் பிரியுங்கள். கட்டுக்கு மேலே கிடைக்கும் தட்டையும் வெளிப்பக்கமாகச் சரியவிடாமல் மலைப்பக்கமாகச் சற்றே உட்சரிவு கொடுத்து, உட்புற ஓரத்தில் சிறு வடிகால் வைத்தால், மழைநீர் விளிம்பில் வழியாமல் பின்னால் ஒதுங்கி வெளியேறும். பூம்பாறையில் பூண்டு விளையும் அடுக்கு வயல்களை ஒருமுறை மழைநாளில் போய்ப் பாருங்கள். ஒரு சரிவைத் தட்டுத் தட்டாகப் பிரிப்பதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

தரையில் பிறை வடிவ வெடிப்பு, திடீரென்று சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு, அந்தச் சரிவுக்குக் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்திய பிறகே மற்றதை யோசிக்க வேண்டும்.

புல்லும் மூடாக்கும்

கரைகளைப் பிடித்து வைக்க வெட்டிவேரைவிட நம்பகமான செடியை நான் பார்த்ததில்லை. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே 3 மீட்டர் வரை இறங்கும் என்பதால், பக்கத்துச் செடிக்குப் போட்டியாவதில்லை. மட்டக்கோட்டில் அரை அடிக்கு ஒரு தூர் என்று நெருக்கமாக நட்டால் இரண்டு மழைக்காலத்தில் வேலியாகச் சேர்ந்துவிடும். நடுவில் ஒரு தூர் செத்தாலும் அந்த இடைவெளியில் நீர் பாய்ந்து பள்ளம் பறிக்கும். எனவே முதலாண்டில் மாதம் ஒருமுறை நடந்து பார்த்து, செத்த இடத்தில் புதுத் தூர் நட வேண்டும். வேரைத் தோண்டி விற்கும் ஆசை வந்தால் கரை போய்விடும்.

நிலம் முழுக்க உண்ணிச்செடி அடர்ந்திருந்தால், ஒரேயடியாகப் பிடுங்கி எறிய வேண்டாம். எவ்வளவு தொல்லை தந்தாலும் இன்றைக்கு அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்து, இந்த ஆண்டு ஒரு பட்டை, அடுத்த ஆண்டு அடுத்த பட்டை என்று வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, வெட்டிய குச்சிகளை மட்டக்கோட்டில் வரிசையாகப் போட்டு வையுங்கள். களை எடுப்பதற்கும் இங்கே அரிவாள் போதும். களைக்கொத்தால் கிளறிய சரிவுமண் அடுத்த மழையில் இறங்கிவிடும். இஞ்சி, கிழங்கு, கேரட் போன்று தோண்டி எடுக்கும் பயிர்களைத் தட்டையான பாத்திக்கு வெளியே நடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கார்த்திகைக் கடைசியில் மண் நனைந்திருக்கும்போதே அரை அடி கனத்துக்கு மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் இலைதழைப் படுக்கை, போட்டுவிட வேண்டும். மாசியில் காய்ந்த மண்ணின் மேல் போடும் மூடாக்கு வறட்சியைத்தான் மூடிக் காக்கும். செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். சில்வர் ஓக் இலை மெதுவாக மட்குவதால் நீண்டநாள் நிற்கும். கிளைரிசிடியா, கல்யாண முருங்கை இலைகள் சீக்கிரம் மட்கி உரமாகும். இரண்டையும் கலந்து போடுவதே வழக்கம்.

கூரை நீரும் கணக்கும்

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 1,000 சதுர அடிக் கூரை 93 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழையில், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்துவிட்டாலும் ஏறத்தாழ 7,400 லிட்டர் கிடைக்கும்.

இனித் தேவையைப் பார்ப்போம். மூடாக்குப் போட்ட 200 சதுர அடிக் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தால், தினம் 56 லிட்டர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள 105 நாட்களுக்கு ஏறத்தாழ 5,900 லிட்டர். 20 பழக்கன்றுகளுக்கு வாரம் 10 லிட்டர் வீதம் 15 வாரத்துக்கு 3,000 லிட்டர். ஆகமொத்தம் 9,000 லிட்டர். வடகிழக்குப் பருவம் முழுதும் ஒரு சிறு கூரையில் விழும் நீர் இதைவிடப் பல மடங்கு. பற்றாக்குறை மழையில் இல்லை, தொட்டியில்தான் இருக்கிறது. 10,000 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்துவிட்டால், கிணறோ ஆழ்துளைக் கிணறோ இல்லாமல் ஒரு குடும்பத்தின் காய்கறி வறட்சியைத் தாண்டிவிடும்.

நிறைந்த தொட்டியின் எடை 10 டன் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நிரப்புமண்ணின் மேலோ தட்டின் விளிம்பிலோ அதை நிறுத்தக் கூடாது. வெட்டிச் சமன்செய்த கெட்டி மண்ணில், மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். தொட்டி நிரம்பி வழியும் நீரையும் குழாய் போட்டு வடிகாலில் சேர்த்துவிட வேண்டும். குளியலறை நீரை வாழைக்கு விடலாம். 3 அடி ஆழக் குழி வெட்டி, குச்சியும் சருகும் நிரப்பி, சுற்றிலும் வாழை நட்டு, அந்தக் குழியில் விட்டால் நாற்றம் வராது. பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை மட்டும் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மரங்கள்

கரையும் புல்லும் ஒரு மழைக்காலத்தைத் தாங்கி நின்ற பிறகு மரக்கன்றுகளை நடலாம். முதலில் கல்யாண முருங்கையும் சில்வர் ஓக்கும் நிழலுக்கு. அவற்றின்மேல் பின்னால் மிளகு ஏறும். நிழல் விழத் தொடங்கியதும் கீழே காப்பி. வாழைக்கு இந்த மலையின் விருப்பாச்சியும் சிறுமலையும் இருக்க வேறெதையும் தேட வேண்டியதில்லை. இரண்டும் 2008 முதல் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால், முடிக்கொத்து நோய் இந்த வாழைகளை ஒரு காலத்தில் மலை மலையாக அழித்தது. அசுவினி பரப்பும் அந்த நச்சுயிரி பக்கக்கன்றோடு சேர்ந்தே வரும் என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் அன்போடு கொடுக்கும் கன்றை வாங்காமல், நோயற்ற திசு வளர்ப்புக் கன்றை வாங்கி 12 அடிக்கு 12 அடி இடைவெளியில் நடுங்கள்.

பட்டர் ஃப்ரூட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் அதைத்தான் நடுகிறார்கள். பாதிப்பேர் அதை அகழிக்குள்ளோ அகழியை ஒட்டியோ நட்டுச் சாகடிக்கிறார்கள். அதன் வேர், தேங்கும் நீரில் அழுகல் பூஞ்சாணத்துக்கு எளிதில் இரையாகும். அதை 2 அடி உயர மண்மேட்டின் மேல், நீர் நிற்காத பகுதியில் நட வேண்டும். மிளகுக் கொடியின் வாடல் நோயும் இதே வகைப் பூஞ்சாணத்தால் வருவதுதான்.

காட்டுமாடு வரும் வழியை அடைக்க முயல்வது வீண்செலவு. எங்கள் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் அவற்றின் பழைய தடம் ஒன்று இருந்தது. வேலி போட்ட ஆண்டு வேலியும் போயிற்று, கல்கட்டும் இரண்டு இடத்தில் உதிர்ந்தது. இப்போது 8 அடி அகலத்துக்கு அந்தத் தடத்தைத் திறந்தே விட்டிருக்கிறோம்.

சொட்டுநீர் போடுபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கூடும். தொட்டி உச்சியில் இருந்தால் மின்சாரமே வேண்டாம். ஆனால் சாதாரணச் சொட்டான் போட்டால் கீழ்ச்செடி மூழ்கும், மேல்செடி வாடும். அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டான்களைக் கேட்டு வாங்கி, பக்கக்குழாய்களை மட்டக்கோட்டிலேயே போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தனி வால்வு வையுங்கள். சிறு, குறு விவசாயிச் சான்று பெற முடிந்தால் தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. நட்ட மூன்றாண்டுக்குள் மரங்களுக்குப் பாசனத்தைப் படிப்படியாகக் குறைத்து, வாரம் ஒருமுறையிலிருந்து இருபது நாளுக்கு ஒருமுறை என்றாக்கினால், வேர் ஆழம் தேடிப் போகும்.

பத்தாம் ஆண்டும் அதற்கு அப்பாலும்

நிழல் கூடியதும் வெட்டிவேர் மெலியும். அது வெயிலில் வாழும் புல். கரைகள் வழுக்கையாவதைக் கவனிக்காமல் விட்டால், பத்தாண்டு நின்ற கரை பதினோராம் ஆண்டில் போகும். எனவே ஆண்டுதோறும் கோடைமழைக்குப் பிறகு நிழல்மரக் கிளைகளைக் கழித்து, கரையில் பாதி வெயிலாவது விழச் செய்யுங்கள். கழித்த கிளை மூடாக்குக்கு ஆகும். வெயில் வரவே வழியில்லாத கரைகளில், தூர் கட்டி நிற்கும் காப்பியும் உள்ளூர்ப் பெரணியும் அந்த வேலையை ஓரளவு செய்கின்றன.

எங்கள் நிலத்தில் இப்போது பதினான்காம் ஆண்டு நடக்கிறது. காய்கறிப் பாத்தியைத் தவிர வேறெதற்கும் நீர் பாய்ச்சுவதில்லை. ஆனால் மண்வெட்டிக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை. புரட்டாசியில் மூன்று நாள் ஒதுக்கி, திருப்பு வாய்க்காலில் விழுந்த கிளைகளை எடுத்து, அகழிகளின் கரையைச் சீர்செய்து, தொட்டிக்குப் போகும் கூரைத் தகரத்தைக் கழுவி, கல்கட்டின் பிதுக்கத்தை நூல் பிடித்துப் பார்க்கிறோம். வண்டல்குழியைக் கடைசி நாளில் அள்ளுகிறோம். முதல் சில ஆண்டுகளில் அதிலிருந்து முப்பது, நாற்பது கூடை மண் எடுத்தோம்; சென்ற ஆண்டு நான்கு கூடைகூட நிரம்பவில்லை.